குன்றின் மேல் ஒரு சபை – 4: கண்ணாடியும் கமானும்

வாஷிங்டன் நகரின் கேப்பிட்டல் கட்டடம் கடந்த மூன்று வாரங்களில் நான்கு பேரின் கைகளில் மாறியதைப் பார்த்தோம். போட்டிக்குத் தாமதமாக வரைபடம் அனுப்பியும் ஜார்ஜ் வாஷிங்டனின் மனத்தைக் கவர்ந்த மருத்துவர் வில்லியம் தார்ன்டன் முதல் ஆள். அந்த வரைபடத்தைத் தன் போக்கில் திருத்தப்போய் 1794-ல் வேலையை இழந்தவர் பிரெஞ்சுக்காரர் ஸ்டீபன் ஹாலட். அடுத்து இங்கிலாந்திலிருந்து வந்த ஜார்ஜ் ஹேட்ஃபீல்ட், மூன்று ஆண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கடைசியாக, அதிபர் மாளிகையைக் கட்டிக்கொண்டே இதையும் சேர்த்துக் கவனித்த ஐரிஷ்காரர் ஜேம்ஸ் ஹோபன்.

இந்த நால்வரின் கீழ் மண் தோண்டியதிலும் கல் வெட்டியதிலும் மரம் அறுத்ததிலும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களின் உழைப்பு பெரும்பங்கு. அவர்களுடைய கூலி அவர்கள் கைக்குப் போகவில்லை. அவர்களைச் சொந்தம் கொண்டாடியவர்களின் கணக்கில் சேர்ந்தது. வரைபடத்தில் கையெழுத்திட்டவர்களின் பெயர்களை மட்டும் சொல்லிக்கொண்டு போகும் எந்த வரலாறும் அரைகுறைதான்.

1800 நவம்பரில் நாடாளுமன்றம் இங்கே குடிவந்தபோது முடிந்திருந்தது வடக்குக் கட்டு ஒன்றுதான். தெற்கில் பிரதிநிதிகள் சபைக்கென்று அவசரமாக ஒரு நீள்வட்டச் செங்கல் கூடம் எழுப்பினார்கள். உள்ளே அப்படி ஒரு புழுக்கம். உறுப்பினர்கள் அதற்கு ‘அடுப்பு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த அடுப்பை இடிக்க வந்தவரின் கதை இது.

ஐந்தாவது ஆள்

1803 மார்ச். தெற்குக் கட்டு வேலைக்கு நாடாளுமன்றம் 50,000 டாலர் ஒதுக்கியிருந்தது. அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் அந்தப் பொறுப்பை பெஞ்சமின் ஹென்றி லாட்ரோப்பிடம் கொடுத்தார். அப்போது லாட்ரோப்புக்கு வயது 38.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் மொராவியன் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்தவர். அம்மா பென்சில்வேனியாக்காரர். ஜெர்மனியில் படிப்பு, லண்டனில் தொழில். அங்கே முதல் மனைவி பிரசவத்தில் இறந்தார், தொழிலும் நொடித்தது. 1796-ல் வர்ஜீனியாவில் கரையிறங்கினார். சில ஆண்டுகளிலேயே ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா வங்கிக் கட்டடத்தைக் கட்டி, நீராவி இயந்திரத்தால் ஆற்று நீரை ஊருக்குள் ஏற்றும் குடிநீர்த் திட்டத்தையும் அமைத்துப் பெயர் வாங்கிவிட்டார்.

இவருக்கு முன்னால் வந்தவர்களில் தார்ன்டன் ரசனை உள்ளவர், ஹோபன் நல்ல கட்டுநர். கட்டடக் கலையும் பொறியியலும் ஒருசேரக் கைவந்தவர் லாட்ரோப்தான். கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவர் நிறுத்திக்கொள்ள மாட்டார். இந்தச் சுவர் எவ்வளவு பாரம் தாங்கும், மழைநீர் எந்த வழியாக வடியும், தீப்பிடித்தால் எது நிற்கும், எது விழும் என்று அடுத்தடுத்துக் கேட்பார்.

வந்ததும் தெற்குக் கட்டின் அஸ்திவாரத்தைப் பார்த்தார். தேறாது என்றார். தோண்டி எடுத்துவிட்டு மறுபடியும் போடவேண்டும் என்றார். செலவு செய்த பணம் மண்ணோடு போனது என்று கேட்க எந்த அரசுக்குத்தான் பிடிக்கும்?

தார்ன்டனுக்கு அறவே பிடிக்கவில்லை. அப்போது அவர் அரசின் காப்புரிமை அலுவலகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். கேப்பிட்டலில் அவருக்கு எந்தப் பதவியும் கிடையாது. ஆனால், ‘வாஷிங்டனே ஒப்புக்கொண்ட வரைபடம்’ என்ற ஒரே வாதத்தை அவர் விடவே இல்லை. பத்திரிகைகளில் லாட்ரோப்பைத் தாக்கி எழுதினார். லாட்ரோப் 1808-ல் அவதூறு வழக்குப் போட்டார். தீர்ப்பு வர ஐந்து ஆண்டுகள் ஆயின. வெற்றி லாட்ரோப்புக்கே. நீதிமன்றம் வழங்கிய இழப்பீடு: ஒரு சென்ட்.

அதிபரின் ஆசை

தார்ன்டனோடு போட்ட சண்டை வெளிச் சண்டை. இந்தக் கட்டடத்தின் தலையெழுத்தை மாற்றிய சண்டை வேறு. அது இரண்டு நண்பர்களுக்கு இடையே, மரியாதையான கடிதங்களில் நடந்தது.

ஜெஃபர்சன் வெறும் அதிபர் அல்ல. தானே வரைபடம் போடுகிறவர். மான்டிசெல்லோவில் தன் வீட்டைத் தானே வடிவமைத்தவர். 1786-ல் பாரிஸில் தூதராக இருந்தபோது அங்கிருந்த தானியச் சந்தைக் கட்டடத்தைப் பார்த்து வியந்துபோனார். பெரிய மரக் குவிமாடம். அதன் உச்சியிலிருந்து கீழ்வரை நீள நீளமாகக் கண்ணாடிப் பட்டைகள். உள்ளே வெளிச்ச வெள்ளம். ஜெஃபர்சன் அங்கேதான் ஓவியர் மரியா காஸ்வேயை முதன்முதலாகச் சந்தித்தார். மரியா வேறு யாருமில்லை, போன வாரம் நாம் பார்த்த ஜார்ஜ் ஹேட்ஃபீல்டின் அக்காதான். அந்த நாள் ஜெஃபர்சனின் நினைவில் ஏன் இவ்வளவு ஒளியோடு தங்கியது என்று ஊகிக்க இடம் இருக்கிறது.

பிரதிநிதிகள் சபைக்கும் அதேபோல ஒரு கூரை வேண்டும் என்றார் அதிபர்.

லாட்ரோப் தலையாட்டவில்லை. கண்ணாடிக்கும் மரத்துக்கும் இடையில் மழை ஒழுகும் என்றார். குளிர்காலத்தில் உள்ளிருக்கும் மூச்சுக்காற்றின் ஈரம் கண்ணாடியில் படிந்து உறுப்பினர்களின் தலையில் சொட்டும் என்றார். வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும் என்றார். உச்சியில் பக்கவாட்டு ஜன்னல்கள் கொண்ட ஒரு சிறு கோபுரம் வைத்தால் வெளிச்சமும் வரும், வெப்பமும் வெளியேறும் என்பது அவருடைய யோசனை.

ஜெஃபர்சன் இறங்கிவரவில்லை. கடைசியில் பணிந்தவர் லாட்ரோப்தான். வளைந்த கூரையில் ஐந்தைந்தாக 20 வரிசைகள், ஆக மொத்தம் 100 கண்ணாடித் திறப்புகள். 1807 அக்டோபர் 26 அன்று சபை அங்கே கூடியது. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அமெரிக்காவிலேயே அழகான அறை என்றார்கள். கூரை ஒழுகத்தான் செய்தது. பேசுகிறவரின் குரல் எதிரொலித்து, என்ன பேசுகிறார் என்றே புரியாமல், தூண்களுக்கு இடையே திரைச்சீலை தொங்கவிட வேண்டியும் வந்தது. ஆனாலும், அது அதிபர் கனவில் கண்ட அறை.

வடக்குக் கட்டிலோ லாட்ரோப்பின் பேச்சு எடுபட்டது. கட்டி முடித்துப் பத்து ஆண்டுகூட ஆகாத அந்தப் பகுதியில் உத்தரங்கள் உளுத்துப்போயிருந்தன, சாந்து உதிர்ந்தது. மரத்தளத்தைப் பிய்த்துவிட்டு, கீழ்த்தளத்தில் உச்ச நீதிமன்றம், அதற்கு மேல் செனட், இரண்டுக்கும் செங்கல் கமான் கூரை என்று அவர் திட்டம் போட்டார். மரம் எரியும்; கமான் எரியாது. இந்த ஒற்றை வரிதான் லாட்ரோப்பின் கொள்கை.

ஆனால், கமான் கட்டுவதற்குச் செலவு அதிகம். நாளும் அதிகம். அதைவிட முக்கியம், அது தவறை மன்னிக்காது.

முட்டுப் பிரித்த நாள்

கமான் எழுப்பும் முறை நம் ஊர்க் கொத்தனார்களுக்குத் தெரியாததல்ல. முதலில் கமானின் வடிவத்திலேயே மரத்தால் முட்டுக் கொடுக்க வேண்டும். அதன்மேல் செங்கல்லை அடுக்கி, சாந்து இறுகும்வரை காத்திருக்க வேண்டும். இறுகிய பிறகே முட்டைப் பிரிக்கலாம். அந்த நொடியில்தான் கமான் முதன்முதலாகத் தன் பாரத்தைத் தானே சுமக்கிறது.

லாட்ரோப் 1807 வரை பெரும்பாலும் வாஷிங்டனில் இல்லை. ஃபிலடெல்ஃபியா பக்கத்தில் இருந்துகொண்டு கடிதம் மூலமாகவே வேலை நடத்தினார். களத்தில் அவருக்குக் கண்ணும் கையுமாக இருந்தவர் மேற்பார்வையாளர் ஜான் லென்தால். எந்தக் கல்லை எங்கே வைக்க வேண்டும், எந்தக் கொத்தனாருக்கு எதைப் புரியவைக்க வேண்டும் என்று லாட்ரோப் அவருக்கு எழுதிய கடிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. லென்தால்மீது லாட்ரோப்புக்கு அவ்வளவு நம்பிக்கை.

நீதிமன்ற அறையின் கமானுக்கு லாட்ரோப் போட்ட திட்டத்தில் முட்டுக்கே நிறைய மரம் தேவைப்பட்டது. லென்தால் சிக்கனமாக வேறொரு முறை சொன்னார். நாடாளுமன்றம் ஒவ்வொரு டாலருக்கும் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்த காலம். லாட்ரோப் அரைமனத்தோடு ஒப்புக்கொண்டார்.

1808 செப்டம்பர் 19.

லென்தால் முட்டுகளைப் பிரிக்கச் சொன்னார். நாள் பொறுத்துச் செய்திருக்க வேண்டிய வேலை. கமான் முனகியது, பிறகு மொத்தமாக இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் தப்பி ஓடினார்கள். லென்தால் மட்டும் தப்பவில்லை. இடிபாட்டைக் கிளறி உடலை எடுத்தபோது உயிர் போயிருந்தது.

லாட்ரோப்பின் எதிரிகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? கமான் என்ற பெயரில் பணத்தைக் கொட்டினார், இப்போது ஆளையும் கொன்றுவிட்டார் என்றார்கள். இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் மரத்தளத்துக்கே திரும்பியிருப்பார். லாட்ரோப் திரும்பவில்லை. ஏன் விழுந்தது என்று ஆராய்ந்தார். தடித்த விலாக் கமான்களை முதலில் எழுப்பி, அவற்றுக்கு இடையே செங்கல்லை நிரப்பும் முறைக்கு மாறி, அதே அறையின் மேல் மறுபடியும் கமானே கட்டினார். பழைய உச்ச நீதிமன்ற அறைக்குள் இன்று நுழைகிறவர்கள் அண்ணாந்து பார்த்தால் குடைக்கம்பிகள் மாதிரி விரிகின்றனவே விலாக்கள், அவை அன்று அவர் கற்ற பாடத்தின் வழியில் வந்தவை.

அடுத்த ஆண்டே அவருக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி கிடைத்தது. செனட்டுக்குப் போகும் கீழ்த்தள முன்கூடத்தில் ஆறு தூண்கள் தேவைப்பட்டன. கிரேக்கத் தூண்களின் தலையில் அக்கந்தஸ் இலையைச் செதுக்குவதுதான் மரபு. இந்த மண்ணில் விளையாத இலை நமக்கு எதற்கு என்று நினைத்தார் லாட்ரோப். தூணின் உடலைச் சோளத்தட்டைகளின் கட்டாகவும், தலையைப் பாதி மட்டை உரிந்து மணி தெரியும் மக்காச்சோளக் கதிர்களாகவும் வரைந்தார். இத்தாலியிலிருந்து 1806-ல் வந்திருந்த சிற்பி ஜூசெப்பே ஃப்ரான்ஸோனி அவற்றைச் செதுக்கினார்.

தான் செய்த பெரிய வேலைகள் எல்லாவற்றையும்விட இந்தச் சோளக் கதிர்களுக்குத்தான் உறுப்பினர்களிடம் அதிகப் பாராட்டு என்று ஜெஃபர்சனுக்கு எழுதினார் லாட்ரோப். மாதிரித் தூண்தலை ஒன்றையும் அனுப்பிவைத்தார். ஜெஃபர்சன் அதை மான்டிசெல்லோவில் தன் சூரியக் கடிகாரத்துக்குப் பீடமாக்கிக்கொண்டார்.

பிறகு பணம் நின்றது. பிரிட்டனோடு போர் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கட்டுகள், நடுவே வெறும் வெளி. அதைக் கடக்க மரப்பலகையால் ஒரு மூடிய நடைபாதை. இந்த நிலையில் கேப்பிட்டலை விட்டுவிட்டு, 1813-ல் லாட்ரோப் பிட்ஸ்பர்குக்குப் போனார். ராபர்ட் ஃபுல்டனோடு சேர்ந்து நீராவிப் படகு கட்டும் தொழில். அது அவரை அடியோடு கவிழ்த்தது. கடன் கழுத்தை நெரித்தது. மனமும் உடைந்தது.

ஆகஸ்ட் 24

1814 ஆகஸ்ட் 24 பகலில் பிளேடன்ஸ்பர்கில் அமெரிக்கப் படை சிதறி ஓடியது. மாலையில் மேஜர் ஜெனரல் ராபர்ட் ராஸும் ரியர் அட்மிரல் ஜார்ஜ் காக்பர்னும் தங்கள் பிரிட்டிஷ் படையோடு தலைநகருக்குள் வந்தார்கள். தடுக்க ஆள் இல்லை.

கேப்பிட்டலின் தெற்குக் கட்டில் முதலில் கூரை வழியாக ராக்கெட்டுகளை விட்டுப் பார்த்தார்கள். பற்றவில்லை. கூரைக்கு மேல் இரும்புத் தகடு வேய்ந்திருந்தது. பிறகு வேறு வழி பார்த்தார்கள். மேஜைகள், நாற்காலிகள், திரைச்சீலைகள் எல்லாவற்றையும் சபைக் கூடத்தின் நடுவில் குவித்தார்கள். ராக்கெட் மருந்தை அதன்மேல் கொட்டிக் கொளுத்தினார்கள்.

ஜெஃபர்சன் விரும்பிய அந்த 100 கண்ணாடிகளும் உருகி ஊற்றின. பல ராத்தல் எடையுள்ள கண்ணாடிக் கட்டிகளைப் பிற்பாடு லாட்ரோப் இடிபாட்டிலிருந்து எடுத்து வைத்திருந்தார். மணற்கல் சூட்டில் விரிந்தது. தூண்களின் மேற்பரப்பு பட்டைபட்டையாக உரிந்து விழுந்தது. அந்தக் கூடத்தில் ஃப்ரான்ஸோனி செதுக்கியிருந்த சிற்பங்களில் அடையாளம் காண ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

வடக்குக் கட்டில் மேற்குப் பக்கம் நாடாளுமன்ற நூலகம் இருந்தது. பணம் இல்லாததால் லாட்ரோப் அந்தப் பக்கத்துக்குக் கமான் போட்டிருக்கவில்லை. பழைய மரத்தளமே இருந்தது. சுமார் 3,000 நூல்களும் அந்த உத்தரங்களும் சேர்ந்து கொழுந்துவிட்டு எரிந்தன. எரிந்த உத்தரங்கள் விழுந்து அடுத்த சுவர்களையும் சிதைத்தன. செனட் கூடத்தில் ஒரே கல்லில் கடைந்த பளிங்குத் தூண்கள் வெந்து சுண்ணாம்பாகிச் சரிந்தன.

ஆனால், செனட்டின் மேலே கமான் நின்றது. முன்கூடங்கள் நின்றன. சோளக் கதிர்கள் ஆறும் அப்படியே நின்றன. வெளிச்சுவர்கள் கருகினவே ஒழிய விழவில்லை. மறுநாள் ஊரையே புரட்டிப்போட்ட புயலும் மழையும் மிச்சத் தணலை அவித்தன.

கமான் போட்ட இடம் பிழைத்தது. மரம் இருந்த இடம் சாம்பலானது. லாட்ரோப் பத்து ஆண்டுகள் கடிதம் கடிதமாக வாதாடிப் புரியவைக்க முடியாததை அந்த இரவு புரியவைத்தது. லென்தால் உயிரைக் கொடுத்த வேலை வீண்போகவில்லை என்று சொல்லவும் அந்த ஆறு தூண்களே போதும்.

அதே நேரத்தில் நகரின் இன்னொரு மூலையில் நடந்த ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். காப்புரிமை அலுவலகம் பிளாட்ஜெட் ஹோட்டல் என்ற கட்டடத்தில் இருந்தது. ஆகஸ்ட் 25 காலையில் அதையும் கொளுத்த சிப்பாய்கள் போனபோது, குறுக்கே வந்து நின்றவர் வில்லியம் தார்ன்டன். உள்ளே இருப்பவை மனிதகுலத்துக்கே பயன்படும் கண்டுபிடிப்புகளின் மாதிரிகள், இவற்றை எரித்தால் அலெக்ஸாண்ட்ரியா நூலகத்தை எரித்தவர்களோடு உங்கள் பெயரும் சேரும் என்று வாதாடினார். அதிகாரி விட்டுவிட்டார். செப்டம்பரில் நாடாளுமன்றம் கூட இடம் தேடியபோது கிடைத்தது அந்தக் கட்டடம்தான். லாட்ரோப்போடு தார்ன்டன் நடந்துகொண்ட விதத்தை எவ்வளவு குறை சொன்னாலும், இந்தக் காலைப்பொழுதுக்காக அவரை வணங்க வேண்டும்.

83க்கு 74

இடிபாட்டைப் பார்த்ததும் பல உறுப்பினர்களுக்கு ஒரே எண்ணம்: இந்தச் சேற்று ஊரை விட்டுவிட்டு ஃபிலடெல்ஃபியாவுக்கே போய்விடலாம். அக்டோபரில் வாக்கெடுப்பு நடந்தது. போக வேண்டாம் என்றவர்கள் 83 பேர். போகலாம் என்றவர்கள் 74 பேர். ஐந்து பேர் மனம் மாறியிருந்தால் கேப்பிட்டலின் கதை அங்கேயே முடிந்திருக்கும். இந்தத் தொடரும் இந்த வாரத்தோடு முடிந்திருக்கும்.

தலைநகரம் கையைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்த உள்ளூர்க்காரர்கள் சொந்தப் பணத்தில் அவசரமாக ஒரு செங்கல் கட்டடம் எழுப்பி நாடாளுமன்றத்துக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். 1815 பிப்ரவரியில், எரிந்த கட்டடங்களை மறுபடி எழுப்ப உள்ளூர் வங்கிகளில் 5 லட்சம் டாலர் கடன் வாங்கச் சட்டம் வந்தது. எரிந்த நூல்களுக்கு ஈடாக ஜெஃபர்சன் தன் சொந்த நூலகத்தை விற்றார்: 6,487 நூல்கள், விலை 23,950 டாலர்.

கட்டப்போவது யார்?

பிட்ஸ்பர்கில் லாட்ரோப் படுக்கையே கதியாகக் கிடந்தார். அவருடைய இரண்டாவது மனைவி மேரி சும்மா இருக்கவில்லை. அதிபர் மேடிசனுக்கும் செல்வாக்குள்ள மற்றவர்களுக்கும் தானே கடிதங்கள் எழுதினார். அழைப்பு வந்தது. 1815 வசந்தத்தில் லாட்ரோப் தன் கட்டடத்தின் முன்னால் மறுபடியும் வந்து நின்றார்.

பழையபடியே கட்டு என்பதுதான் உத்தரவின் தொனி. தான் கட்டியதைத் தானே திருத்த ஒரு கலைஞனுக்கு இரண்டாம் வாய்ப்புக் கிடைப்பது அபூர்வம்; லாட்ரோப் அதை விடுவாரா? பிரதிநிதிகள் சபையின் நீள்வட்டக் கூடத்தைக் கைவிட்டு, பழங்கால நாடக அரங்குகளைப் போல அரைவட்டமாக வரைந்தார். மேடிசன் ஒப்புதல் கொடுத்தார். மணற்கல்லுக்குப் பதிலாக, போட்டோமாக் ஆற்றங்கரையில் கிடைத்த ஒரு விசித்திரக் கல்லைத் தேர்ந்தெடுத்தார். பல நிறக் கூழாங்கற்கள் இயற்கையாகவே ஒன்றோடொன்று ஒட்டி இறுகிய பாறை அது. பளபளவென்று தேய்த்தால் சாம்பல், சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று ஒவ்வொரு கூழாங்கல்லும் தனித்தனியே தெரியும். இன்று சிலைகளின் கூடமாக இருக்கும் அந்த அறையில் தூணுக்கு அருகே போய்ப் பார்த்தால், ஒரு அடி அகலத்துக்குள் பத்து நிறம் கண்ணில் படும்.

அழகுக்கு விலை உண்டு. உளி பட்டால் கூழாங்கல் தெறித்து விழுந்துவிடும். குழிந்த இடத்தை அடைத்து மறுபடி தேய்க்க வேண்டும். குவாரியிலிருந்து ஆற்று வழியாகக் கொண்டுவருவதும் லேசான காரியமில்லை. மாதங்கள் ஓடின. தூண்கள் வரவில்லை.

சட்டைக் காலர்

1816-ல், மறுகட்டுமான வேலையைக் கவனித்துவந்த மூன்று ஆணையர்களை எடுத்துவிட்டு ஒரே ஆணையராக சாமுவேல் லேனை நியமித்தார்கள். போரில் படுகாயம் பட்டு ஊனமானவர். கட்டடக் கலையோடு அவருக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. லாட்ரோப்பைத் தனக்குக் கீழே வேலை பார்க்கும் ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி நடத்தினார்.

1817 மார்ச் 4 அன்று புதிய அதிபர் ஜேம்ஸ் மன்றோ பதவியேற்றார். கேப்பிட்டல் தயாராகாததால் அந்தத் தற்காலிகச் செங்கல் கட்டடத்தின் முன்னால், திறந்தவெளியில் பதவியேற்பு. அதிலிருந்து மன்றோவுக்கு ஒரே கேள்வி: எப்போது முடியும்? வேலை ஏன் தாமதம் என்று ஆராய இராணுவப் பொறியாளர்களை அனுப்பினார். விளைவு, பிரதிநிதிகள் சபைக்கு லாட்ரோப் நினைத்திருந்த செங்கல் குவிமாடம் கைவிடப்பட்டது. பாரம் குறையும், நாள் மிச்சமாகும் என்று மரக்கூரைக்கே முடிவானது.

ஊர் எரிந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதே அறையின் மேல் மறுபடியும் மரம்! இந்த முடிவு லாட்ரோப்பை எவ்வளவு வதைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த ஆண்டு செப்டம்பர் 3 அன்று இன்னொரு இடி. நியூ ஆர்லியன்ஸில் அப்பாவின் குடிநீர்த் திட்டத்தை நடத்திக்கொண்டிருந்த மகன் ஹென்றி மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார்.

நவம்பர் 20. மன்றோவின் முன்னிலையில் லாட்ரோப்பும் லேனும் நேருக்கு நேர். லேன் ஏதோ சொல்ல, லாட்ரோப்பின் பொறுமை அறுந்தது. பாய்ந்து லேனின் காலரைப் பிடித்துவிட்டார். ஊனமானவர் என்பதால் உன்னை விடுகிறேன், இல்லாவிட்டால் உலுக்கி எடுத்திருப்பேன் என்று கத்தினார். ‘நான் யார் என்று தெரியுமா?’ என்று அதிர்ந்துபோய்க் கேட்டார் மன்றோ. தெரியும் என்றார் லாட்ரோப், மன்னிப்பும் கேட்டார். ஆனால், தன் பிறப்பு, படிப்பு, திறமை இவற்றுக்கெல்லாம் நேர்ந்த அவமானத்துக்கு வேறென்ன செய்ய முடியும் என்றும் சேர்த்தே சொன்னார். பின்னாளில் மேரி லாட்ரோப் எழுதிவைத்த நினைவுக் குறிப்பு தரும் காட்சி இது. மனைவியின் பாசம் சில வரிகளைக் கூட்டியிருக்கலாம். ராஜினாமாக் கடிதம் அன்றைக்கே எழுதப்பட்டது என்பதில் சந்தேகமில்லை.

கேப்பிட்டல் அவரை இரண்டாம் முறையாக வெளியே அனுப்பியது. திவாலானவராக அறிவித்துக்கொண்டார். பிறகு நியூ ஆர்லியன்ஸுக்குப் போனார், மகன் விட்ட வேலையை முடிக்க. 1820 செப்டம்பர் 3 அன்று, மகனைக் கொண்டுபோன அதே மஞ்சள் காய்ச்சல் அதே தேதியில் அவரையும் கொண்டுபோனது.

பாஸ்டனிலிருந்து ஒருவர்

லாட்ரோப் விலகுவதற்கு நான்கு மாதம் முன்பு, 1817 ஜூலையில், மன்றோ பாஸ்டன் போயிருந்தார். ஊரைச் சுற்றிக்காட்டியவர் அந்நகரின் நிர்வாகக் குழுத் தலைவர் சார்ல்ஸ் புல்ஃபிஞ்ச். சாந்தமான மனிதர். மாசசூசெட்ஸ் மாநில அரசு மாளிகையைக் கட்டியவரும் அவரே. கடனுக்காகச் சிறையிருந்த அனுபவமும் அவருக்கு உண்டு. அதிபருக்கு அவரைப் பிடித்துப்போனது.

இடம் காலியாகப் போகிறது என்று நண்பர்கள் காதைக் கடித்தபோது, இன்னொருவரைத் தள்ளிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார எனக்கு மனமில்லை என்றே புல்ஃபிஞ்ச் பதில் எழுதினார். லாட்ரோப் தானாக விலகிய பிறகுதான் சம்மதித்தார். 1818 ஜனவரியில் ஆண்டுக்கு 2,500 டாலர் சம்பளத்தில் வேலையில் சேர்ந்தார்.

முதல் வேலையாக லாட்ரோப் விட்டுப்போன வரைபடங்களை விரித்துப் பார்த்தார். பார்த்ததும் தன் தைரியமே போய்விடும்போல் இருந்தது என்று வீட்டுக்கு எழுதினார். அவ்வளவு அழகு, அவ்வளவு துணிச்சல். வடக்கும் தெற்கும் எப்படி முடிய வேண்டும் என்பது அந்தத் தாள்களில் வரி பிசகாமல் இருந்தது. அவற்றை அப்படியே முடித்தால் போதும்.

நடுப்பகுதிதான் சிக்கல். இரண்டு கட்டுகளுக்கும் இடையே, எரிந்துபோன மரநடைபாதை இருந்த இடத்தில், ஒரு பெரிய வட்ட மண்டபம் வரவேண்டும். 1818 ஆகஸ்ட் 24 அன்று, தீ வைக்கப்பட்டு நான்கு ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், அதற்கு அடிக்கல் வைத்தார்கள். அதன் தலையில் ஒரு குவிமாடம் இருக்க வேண்டும் என்பதில் தார்ன்டன் முதல் லாட்ரோப் வரை எல்லோரும் ஒத்துப்போனார்கள். தார்ன்டனும் லாட்ரோப்பும் வரைந்தது தாழ்வான குவிமாடம். புல்ஃபிஞ்சின் ரசனையும் அதுவே.

அதிபருக்கும் அமைச்சர்களுக்கும் காட்டுவதற்காக அவர் பல உயரங்களில் குவிமாடத்தை வரைந்து வைத்தார். தனக்குப் பிடித்த தாழ்வான வடிவம் எடுபட வேண்டும் என்பதற்காக, ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று ஒன்றை வேண்டுமென்றே மிக உயரமாகவும் வரைந்தார். அந்தத் தாள்கள் எல்லாம் அமைச்சரவையின் மேஜையில் வரிசையாக வைக்கப்பட்டன.

அவர்கள் எந்தத் தாளை எடுத்தார்கள்?

(தொடரும்)